மலையில் தெரிவது புகையா, பனியா?

கடையநல்லூரில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எழுப்பியதுபோல் நிற்பதைக் காணலாம். தென்காசிக்கு வடக்கே மலையடிவாரத்தில் அமைந்த ஊர் இது. சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் மலைச்சரிவில் வெண்மையாக ஏதேனும் படர்ந்தால், அது மேகமூட்டம் என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். புல் காய்ந்து கிடக்கும் பங்குனியில் அதே சரிவில் அதே வெண்மை தோன்றினால் பேச்சு மாறுகிறது. காட்டில் தீப்பற்றியிருக்கிறது என்பார் ஒருவர். இல்லை, மூட்டந்தான் என்று மறுப்பார் மற்றொருவர். இருவருமே நெருப்பைக் காணவில்லை. அவர்கள் கண்டது ஒரு வெண்மை மட்டுமே. அவ்வெண்மையைப் புகை என்று கொள்வது ஒரு படி. புகையிலிருந்து நெருப்புக்குச் செல்வது அடுத்த படி. தவறு நேருமானால் அது எந்தப் படியில் நேர்கிறது?

ஒரு மலை, அதன் மேல் புகை, புகையோ என்று மயங்கவைக்கும் பனி ஆகிய இவற்றைக் கொண்டே இந்த வினாவைத் தமிழில் எழுதிவைத்து ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அது இருக்கிறது. காப்பியத்தைப் பாடமாகப் படித்தவர்களுள்ளும் பலர் இக்காதையைத் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம். கதை நகராத, கடினமான பகுதி என்பது அதற்குக் கிடைத்த பெயர். உண்மையில் அது ஒரு பயிற்சி ஏடு. இன்று பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞர்கள் வழிகாட்டி நூல்களில் வரிசை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் வாத ஆய்வு வினாக்களுக்கு, நம் மொழியில் அமைந்த மிகப் பழைய முன்னோடி அதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அவ்வினாக்கள் எத்தகையவை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நான்கைந்து வரிகளில் ஒரு வாதம் தரப்படும். அதில் ஒரு முடிவும், அம்முடிவுக்குக் காட்டப்பட்ட காரணமும் இருக்கும். இவ்வாதம் சொல்லாமல் எடுத்துக்கொண்ட கருத்து யாது, இதை வலுவிழக்கச் செய்யும் செய்தி எது, இதிலுள்ள பிழை எது என்று கேட்டு, கீழே ஐந்து விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். வாணிக மேலாண்மைப் படிப்புக்கென அமெரிக்காவில் 1954-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடத்தப்பட்டு, இன்று உலகெங்கும் எழுதப்படும் ஜிமேட் தேர்வில் இவ்வகை வினாக்களுக்குத் தனி இடமுண்டு. இவற்றுக்கு விடையளிக்க எந்தப் பாடத்திலும் புலமை வேண்டியதில்லை. காரணம் முடிவைத் தாங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். அதுதான் கடினம்.

அறவண அடிகளின் வகுப்பு

மணிமேகலையில் முப்பது காதைகள் உள்ளன. இருபத்தேழாம் காதையில் மணிமேகலை ஆண்துறவியின் வடிவங்கொண்டு வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் கண்டு, அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவனே அளவைவாதி. எந்தெந்த வழியால் அறிவு பெறலாம் என்பதை அவன் வகுத்துச் சொல்கிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை இருப்பதை அறிவது, வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று துணிவது, சூல்கொண்ட மேகத்தைக் கண்டு மழை வரும் என்று சொல்வது என அவன் தரும் எடுத்துக்காட்டுகள் மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு மிகவும் பழக்கமானவை.

அவற்றுள் வெள்ளத்தைப் பற்றியது குற்றாலத்துக்கு அப்படியே பொருந்தும். அருவி பெருகிவிட்டால் மலைமேல் மழை என்று கொள்வதில் பிழையில்லை. அதைத் திருப்பிப் போட்டு, இங்கே மழையில்லை, ஆகவே அருவியில் வெள்ளம் வராது என்று எண்ணுவதுதான் ஆபத்து. கீழே மழையின்றியிருப்பது வெள்ளம் வராத நாட்களிலும் உண்டு, வந்த நாட்களிலும் உண்டு. இரு பக்கமும் காணப்படும் ஒன்று எதையும் நிறுவாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. தருக்கப்பிழை ஏட்டில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்காகவே இதை இங்குக் குறிப்பிட நேர்ந்தது.

பின்னர்க் காஞ்சிக்கு வந்து சேரும் மணிமேகலைக்கு, இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பௌத்தத் தருக்கத்தைக் கற்பிக்கிறார். பௌத்தருக்கு அளவைகள் இரண்டே. ஒன்று காட்சி. மற்றது கருத்தளவு, அதாவது அனுமானம். அனுமானத்தைச் சொல்லும் முறையில் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு முதலிய உறுப்புகள் உண்டு. இந்த மலையில் நெருப்பிருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது எடுத்துக்காட்டு. இவ்வளவும் எளிது. இதன்பின் அடிகள் செய்வதுதான் வியப்புக்குரியது. சரியான வாதத்தை ஓரிரு எடுத்துக்காட்டுகளுடன் முடித்துவிட்டு, தவறான வாதங்களைக் கிட்டத்தட்ட காதையின் பெரும்பகுதி முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறார். பக்கப்போலி ஒன்பது. ஏதுப்போலி பதினான்கு. எடுத்துக்காட்டுப்போலி பத்து. ஆக முப்பத்துமூன்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயருக்கு விளக்கம் உண்டு. விளக்கத்துக்கு மாதிரி வாதம் உண்டு. போலி என்னும் சொல் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது பாருங்கள். காரணம்போல் தோன்றுவது, காரணமன்று.

பக்கப்போலிகளில் சில நகைப்பை வரவழைப்பவை. என் தாய் மலடி என்று ஒருவன் கூறினால் அவன் சொல்லே அவனை மறுக்கிறது. திங்கள் சந்திரன் அன்று என்றால் உலக வழக்கு மறுக்கிறது. ஓசை செவிக்குப் புலப்படாது என்றால் காட்சியே மறுக்கிறது. இவை தொடக்க மாணவனுக்கு உரியவை.

ஏதுப்போலியில்தான் கூர்மை வேண்டும். இவை மூன்று குடும்பங்களாக வருகின்றன. காட்டிய காரணமே உண்மையில் அங்கு இல்லாதிருப்பது அசித்தம். காரணம் இருந்தும் அது முடிவை உறுதிசெய்யாமல் இருபுறமும் ஆடுவது அநைகாந்திகம். முடிவுக்கு நேர் எதிரானதை நிறுவிவிடுவது விருத்தம். ஆவியோ பனியோ என்று ஐயத்துக்கிடமான ஒன்றைப் புகையென்று கொண்டு, அதனால் நெருப்புண்டு என்று துணிவது அசித்த வகைகளுள் ஒன்றாக இக்காதையில் வருகிறது. கடையநல்லூர்க்காரர் இருவரின் வழக்கு இதனால் தீர்ந்துவிடுகிறது. புகையிலிருந்து நெருப்புக்குச் செல்லும் படியில் பிழையில்லை. வெண்மையைப் புகையாக்கிய முதற்படிதான் உறுதிப்படவில்லை. நுழைவுத் தேர்வு மொழியில் சொன்னால், முடிவுக்குச் செல்லும் வழி சரி, எடுத்துக்கொண்ட செய்தி ஐயத்துக்குரியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தெரியாமல் மதிப்பெண் இழப்போர் பலர்.

இன்று காட்டுத்தீயைச் செயற்கைக்கோள்கள் கண்காணிக்கின்றன. அவை புகையை நம்புவதில்லை. தரையிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து, சுற்றுப்புறத்தைவிட மிகுதியாகச் சூடேறிய இடத்தைக் குறிக்கின்றன. வியர்ஸ் என்னும் கருவி ஏறத்தாழ 375 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பூமியைப் பார்க்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் இத்தகைய தரவுகளைக் கொண்டே வனத்துறையினருக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. ஆனால் சூளையும் வெயிலில் காய்ந்த பாறையும் தகரக் கூரையும்கூடச் சூடேறுகின்றன. மேகம் மறைத்தால் உண்மைத் தீயும் தப்பிவிடுகிறது. புகைக்குப் பதில் வெப்பம் வந்தது; ஏதுவைச் சோதிக்கும் வேலை அப்படியே நிற்கிறது.

ஒன்பது அறைகள்

முப்பத்துமூன்று பெயர்களையும் நெட்டுருச் செய்வதுதான் பயிற்சி என்றால் அதனால் பயன் மிகக் குறைவு. பெயர்களுக்குப் பின்னால் ஓர் இயந்திரம் இருக்கிறது. அதை அமைத்தவர் ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த திக்நாகர். இவர் காஞ்சியை அடுத்த ஊரினர் என்பது திபெத்திய மரபு.

நாம் நிறுவ விரும்பும் தன்மை ஏற்கெனவே உள்ள பொருள்களைச் சபக்கம் என்றும், அத்தன்மை இல்லாத பொருள்களை விபக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். நெருப்பை நிறுவுவதானால் அடுக்களை சபக்கம், ஏரி விபக்கம். இனி, காட்டப்பட்ட ஏதுவைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது சபக்கத்தில் முழுதும் உள்ளதா, சிலவற்றில் மட்டும் உள்ளதா, அறவே இல்லையா? விபக்கத்தில் முழுதும் உள்ளதா, சிலவற்றிலா, அறவே இல்லையா? மூன்றுக்கு மூன்று, ஒன்பது அறைகள். எந்த வாதமாயினும் இவ்வொன்பதில் ஓரறையில் வந்து விழுந்தே தீரவேண்டும். இவற்றுள் இரண்டே அறைகள் செல்லும். சபக்கத்தில் முழுதுமோ சிலவற்றிலோ இருந்து, விபக்கத்தில் அறவே இல்லாதிருப்பவை அவை. சபக்கத்தில் அறவே இல்லாமல் விபக்கத்தில் மட்டும் இருப்பவை இரண்டு; இவை விருத்தம். எஞ்சிய ஐந்தும் அநைகாந்திகம்.

மணிமேகலை கூறும் அநைகாந்திக வகைகள் ஆறு. அவற்றுள் ஐந்தை எடுத்து இந்த ஐந்து அறைகளுடன் பொருத்திப் பார்த்தால் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துகின்றன. சபக்கைகதேச விருத்தி விபக்க வியாபி என்பது போன்ற நீண்ட பெயர்களைக் கண்டு மிரளவேண்டியதில்லை. சபக்கத்தில் ஒரு பகுதியில் மட்டும் உள்ளது, விபக்கம் முழுதும் பரவியுள்ளது என்று அறையின் முகவரியைத்தான் அப்பெயர் சொல்கிறது. ஆறாவதாகிய விருத்த வியபிசாரி தனிவகை. ஒருவர் ஒரு காரணம் காட்டி ஒன்றை நிறுவ, மற்றவர் வேறொரு காரணம் காட்டி அதற்கு மாறானதை நிறுவ, இரண்டும் சம வலிவுடன் நிற்கும் நிலை அது. தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது.

ஒரு மாதிரியை மட்டும் பார்ப்போம். ஓசை முயற்சியால் தோன்றுவது, நிலையற்றதாதலால் என்கிறான் ஒருவன். குடத்தைப் பார், அது நிலையற்றது, குயவனின் முயற்சியால் தோன்றியது என்று எடுத்துக்காட்டும் தருகிறான். கேட்பவர் தலையசைத்துவிடக்கூடும். மின்னலைப் பார் என்று விடை வருகிறது. மின்னலும் நிலையற்றதுதான், அதை யார் செய்தார்? விபக்கத்தில் ஒன்று அகப்பட்டுவிட்டது. வாதம் விழுந்தது. முடிவு தவறென்று இங்கு எவரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அம்முடிவை இக்காரணம் தாங்கவில்லை என்பதே தீர்ப்பு. ஏன் எப்பொழுதும் ஓசையைப் பற்றியே பேசுகிறார்கள் என்று வாசகர் கேட்கலாம். வேதத்தின் சொற்கள் என்றும் அழியாதவை என்பது மீமாஞ்சகர் கொள்கை. ஓசை நிலையற்றது என்று நிறுவிவிட்டால் அக்கொள்கை ஆட்டம் காணும். பாடநூலின் எளிய எடுத்துக்காட்டுக்குள் அக்காலத்தின் மிகப்பெரிய சண்டை ஒளிந்திருந்தது.

காஞ்சியிலிருந்து சீனம்வரை

இருபத்தொன்பதாம் காதையின் இப்பட்டியல் வடமொழியில் சங்கரசுவாமி இயற்றிய நியாயப்பிரவேசம் என்னும் சிறுநூலுடன் பெரிதும் ஒத்துச் செல்கிறது. பிரவேசம் என்றால் நுழைதல். தருக்கத்துள் நுழையும் மாணவனுக்கான தொடக்கநூல் அது. யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து திரும்பியபின் 647-ஆம் ஆண்டில் அதைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். அவருடைய மாணவர்கள் அதற்கு உரைகள் வகுத்தனர். ஜப்பானிலிருந்து சென்று அவரிடம் பயின்ற தோஷோ என்னும் துறவி வழியாக அக்கல்வி ஜப்பானுக்கும் சென்றது. முப்பத்துமூன்று குற்றங்கள் என்று அங்கு இன்றும் அதற்குப் பெயர். ஒரே பயிற்சித்தாள் தமிழிலும் சீனத்திலும் எழுதப்பட்டிருந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லியாகவேண்டும். சீனத்தில் அது உரைநடை. தமிழில் அது காப்பியத்தின் ஒரு காதை. கேட்பவள் ஒரு பெண். காப்பியத்துக்குள் தருக்கப் பாடத்தை வைத்தது இலக்கியச் சுவைக்கு இடையூறு என்று குறை கூறுவோர் உண்டு. தருக்கத்தை மனத்தில் பதியவைக்கச் செய்யுளைவிட நல்ல கருவி அக்காலத்தில் இருந்ததா என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்க்கலாம். பெண் வாதிடுவது தமிழ்க் காப்பியங்களுக்குப் புதிதன்று. பௌத்தரின் குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் எழுதிய நீலகேசி முழுவதும் ஒரு பெண் ஊர் ஊராகச் சென்று வாதிட்டு வெல்லும் கதையே. குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. நீலகேசியை 1936-இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தார்.

தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்ததும் இக்காதையைக் கற்பிக்க ஆளில்லாமல் போயிற்று. உ. வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைக் குறிப்புரையுடன் வெளியிட்டபோது, பௌத்தச் செய்திகளை விளங்கிக்கொள்ளக் கும்பகோணம் கல்லூரியிலிருந்த மளூர் ரங்காசாரியரின் உதவியை நாடவேண்டியிருந்தது. நியாயப்பிரவேசத்தின் வடமொழி மூலம் அப்பொழுது அச்சாகியிருக்கவில்லை. அது 1930-இல்தான் பரோடாவிலிருந்து வெளிவந்தது. அதைக் காத்துத் தந்தவர்கள் சமணர்கள். ஹரிபத்ரர் போன்ற சமண ஆசிரியர்கள் அப்பௌத்த நூலுக்கு உரையெழுதிப் பாடமாக வைத்திருந்தனர். எதிரியின் நூலாயினும் நல்ல பாடநூல் என்றால் விடுவதில்லை என்ற இப்பண்பு பாராட்டத்தக்கது. தமிழ்க் காதை திக்நாகருக்கு முந்தியது என்று 1928-இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் வாதிட்டார். பிந்தியது, வடநூலைத் தழுவியது என்று குப்புசாமி சாஸ்திரி முதலியோர் மறுத்தனர். ஒன்பது அறைகளின் பெயர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துவதைப் பார்த்தால் பின்னவர் கூற்றே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

இப்பயிற்சியை உயிருடன் காணவேண்டுமானால் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. 1959-க்குப்பின் திபெத்திலிருந்து வந்த துறவிகள் கர்நாடகத்தில் பைலகுப்பேயில் சேரா மடத்தையும், முண்ட்கோட்டில் திரேபுங், கந்தேன் மடங்களையும் மீண்டும் நிறுவினர். அங்கு முற்றத்தில் ஒருவர் அமர்ந்திருப்பார். மற்றவர் நின்றுகொண்டு, கையைத் தட்டித் தட்டிக் கேள்வி தொடுப்பார். அமர்ந்திருப்பவர் நினைத்தபடியெல்லாம் விடைசொல்ல முடியாது. ஏற்கிறேன், ஏன், ஏது நிலைபெறவில்லை, ஏதுவுக்கும் முடிவுக்கும் தொடர்பில்லை என்பவற்றுள் ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்லவேண்டும். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுதான் இதுவும். ஆனால் விடை சொன்னதும் அடுத்த கேள்வி அதன்மேலேயே வந்து விழும். குருட்டாம்போக்கில் குறியிட்டுத் தப்பமுடியாது.

விக்கிரமசிங்கபுரத்து முனிவர்

கடையநல்லூருக்கு நேர் தெற்கே, அதே மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் பாபநாசத்தை அடுத்து விக்கிரமசிங்கபுரம் இருக்கிறது. சிவஞான முனிவர் பிறந்த ஊர் அது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்து, சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதி, 1785-இல் மறைந்தவர். அன்னம்பட்டர் பதினேழாம் நூற்றாண்டில் வடமொழியில் எழுதிய தருக்க சங்கிரகத்தையும் அதன் உரையையும் தமிழாக்கியவரும் அவரே. சிறுவர் எளிதில் அறியவேண்டும் என்பது அன்னம்பட்டர் தம் நூலுக்குச் சொல்லிய நோக்கம். முனிவரின் தமிழாக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அச்சேற்றினார்.

முனிவர் தருக்கத்தை ஏட்டில் கிடத்திவைத்தவர் அல்லர். இலக்கண விளக்கத்தை மறுத்து அவர் எழுதிய நூலுக்குச் சூறாவளி என்று பெயர். எடுத்து என்னும் ஒரே ஒரு சொல்லைக் காப்பதற்கென்று ஒரு நூல் எழுதி, அதற்கு வைரக்குப்பாயம் என்று பெயரிட்டார். ஒரு சொல்லுக்கு வைரத்தால் சட்டை! இன்றைய பட்டிமன்றப் பேச்சாளர்கள் பொறாமைப்படக்கூடிய தலைப்புகள் இவை. ஆனால் அக்காலத் தருக்கத்தின் குறையும் இங்குத்தான் தெரிகிறது. வாதம் பெரும்பாலும் வெல்வதற்கே நடந்தது; புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு அன்று. அடுக்களைப் புகையையும் மலைப் புகையையும் ஓராயிரம் ஆண்டுகள் பேசியவர்கள், எவ்வளவு ஈரமான விறகு எவ்வளவு புகையும் என்று அளந்து பார்க்கவில்லை.

இருப்பினும் ஈர விறகைப் பற்றி அவர்கள் கண்டுகொண்ட ஒன்று மிக அருமையானது. புகையால் நெருப்பை அறியலாம். நெருப்பால் புகையை அறியலாமா? இம்மலை புகையுடையது, நெருப்பிருப்பதால் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்புண்டு, புகையில்லை. புகை எழ வேண்டுமானால் நெருப்புடன் ஈர விறகும் சேரவேண்டும். இவ்வாறு வாதத்தில் சொல்லாமல் விடப்பட்டு, உண்மையில் வேலைசெய்துகொண்டிருக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். திக்நாகரின் அறைகளில் போட்டாலும் இவ்வாதம் சபக்கம் முழுதும் இருந்து, விபக்கத்திலும் சிலவற்றில் உள்ள தவறான அறையில்தான் விழுகிறது. பௌத்தரும் நையாயிகரும் வெவ்வேறு வழியில் சென்று ஒரே இடத்தில் சேர்கின்றனர்.

இப்பொழுது ஒரு நுழைவுத் தேர்வு வினாவைக் கற்பனை செய்வோம். ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்த நூறு பேரில் எண்பது பேர் தேறினர். சேராதவர்களில் நூற்றுக்கு இருபது பேரே தேறினர். ஆகவே நிலையத்தின் பயிற்சியே தேர்ச்சிக்குக் காரணம். இவ்வாதத்தை மிகவும் வலுவிழக்கச் செய்வது எது? கட்டணம் அதிகம் என்பது விடையன்று. ஆசிரியர்கள் வெளியூரார் என்பதும் விடையன்று. நிலையம் முதலில் ஒரு தேர்வு வைத்து, அதில் தேறியவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது என்பதே விடை. அந்த முதல் தேர்வுதான் இங்கே ஈர விறகு. இதை எண்ணும்பொழுது, பத்திரிகைகளில் வரும் பயிற்சி நிலைய விளம்பரங்கள் பலவற்றில் உபாதி தேடும் வேலை வாசகருக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

பழகினால் வருமா?

பயிற்சியால் தருக்க அறிவு வளர்கிறதா, அல்லது வினாவின் அச்சு மட்டும் பழகிப்போகிறதா என்ற கேள்வி தேர்வு நடத்துபவர்களையும் உறுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் ஜிஆர்இ தேர்வில் 1977-இல் பகுத்தாய்வுக்கென ஒரு தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. அதிலிருந்த சிலவகை வினாக்களில் சிறிது பழகினாலே மதிப்பெண் கூடிவிடுகிறது என்று ஆய்வில் தெரிந்தது. 1981-இல் அத்தகைய இரண்டு வினாவகைகள் நீக்கப்பட்டன. 2002-இல் அப்பகுதி முழுவதுமே எடுக்கப்பட்டு, அதனிடத்தில் மாணவர் தாமே வாதத்தை ஆராய்ந்து எழுதும் பகுதி வந்தது. குறியிடுவதற்குப் பதிலாக எழுதச் சொன்னார்கள்.

முப்பத்துமூன்று பெயர்களை ஒப்பித்த பழைய மாணவனும், வழிகாட்டி நூலில் வினாவகைகளின் பெயரைப் பாடம் செய்யும் இன்றைய மாணவனும் ஒரே குழியில் விழக்கூடியவர்கள். பெயர் தெரிவதால் பிழை தெரிந்துவிடாது. தப்பும் வழியும் ஒன்றே: ஒவ்வொரு வாதத்திலும் விபக்கத்தைத் தேடுவது. காரணம் இருந்தும் முடிவு இல்லாத ஒரே ஒரு பொருளைத் தேடுவது. மின்னல் ஒன்று கிடைத்தால் போதும். அது கிடைக்காதபோதும் தேடிய நேரம் வீணன்று. தேடித் தேடிக் கிடைக்காத இடத்தில்தான் வாதம் உறுதியாக நிற்கிறது. பத்து வினாக்களை இவ்வாறு நிதானமாகப் போட்டுப் பார்ப்பது, கடிகாரத்தை வைத்துக்கொண்டு நூறு வினாக்களுக்குக் குறியிடுவதைவிட மேலானது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு இதில் வேறொரு தடையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு, கல்லூரி ஆசிரியராகவும் ஆராய்ச்சி உதவித்தொகை பெறவும் எழுதவேண்டியது. 2024-25 கல்வியாண்டு முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் அதன் மதிப்பெண்ணைக் கொள்ளலாம் என்று குழு அறிவித்தது. எல்லாரும் எழுதவேண்டிய அதன் முதல் தாளில் ஐம்பது வினாக்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த அதன் பாடத்திட்டத்தில் இந்தியத் தருக்கம் என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. பிரமாணங்கள், அனுமானத்தின் உறுப்புகளும் வகைகளும், வியாப்தி, ஹேத்வாபாசம் ஆகியவை அதில் அடங்கும். வியாப்தி என்பது ஏதுவுக்கும் முடிவுக்கும் உள்ள பிரியாத் தொடர்பு. ஹேத்வாபாசம் என்பது ஏதுப்போலியே. அறவண அடிகள் காஞ்சியில் நடத்திய பாடம் நுழைவுத் தேர்வுக்கு வந்துவிட்டது. ஆனால் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்படுகிறது. ஏதுப்போலி என்ற சொல்லைக் கேட்டேயிராத தமிழ் மாணவர் ஹேத்வாபாசத்தை ஆங்கில எழுத்தில் படித்து உருப்போடுகிறார். சொல் கடினமா, கருத்துக் கடினமா என்று அவருக்கே விளங்குவதில்லை.

தமிழ்வழிக் கல்விக்காகக் கடையநல்லூரார் கடல் கடந்தும் பாடுபட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் குடியேறிய இவ்வூர் முஸ்லிம்கள், தங்கள் சங்கத்தின் வாயிலாக 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, அந்நாட்டில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளியாக விளங்கியது. மாணவர் தொகை குறைந்து 1982-இல் மூடப்பட்டது. தேர்வும் வேலையும் ஆங்கிலத்தில் இருக்கையில் பெற்றோர் வேறென்ன செய்வர்?

இலங்கையில் நிலைமை வேறு. பல்கலைக்கழகத்துக்கு நுழைவாயிலாக உள்ள கல்விப் பொதுத் தராதர உயர்தரத் தேர்வில், அளவையியலும் விஞ்ஞான முறையும் என்பது ஒரு பாடம். அதைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே எழுதலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மாணவர்கள் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை வைத்துக்கொண்டு, நியாயத்தொடையில் எந்த விதி மீறப்பட்டது, இந்த வாதத்தில் உள்ள போலி எது, ஒரு கருதுகோளை எந்தச் சோதனை பொய்ப்பிக்கும் என்று எழுதிப் பழகுகிறார்கள். அவர்களின் பாடத்தில் அரிஸ்டாட்டிலும் குறியீட்டு அளவையியலும் உண்டு. வாதப்பிழைக்கு அவர்கள் வழங்கும் சொல் மட்டும் சாத்தனார் வழங்கிய அதே சொல், போலி.